பசை விட்ட இடம்: அலோகா 243 விமானத்தின் தகடுகளுக்கு நடுவே நடந்த வேதியியல்

1988 ஏப்ரல் 28 பிற்பகல். ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹோனலூலூவுக்குக் கிளம்பிய அலோகா ஏர்லைன்ஸின் 243ஆம் எண் விமானம், ஒரு போயிங் 737, 24,000 அடி உயரத்தை எட்டிய கொஞ்ச நேரத்தில் அதன் கூரை பிய்ந்து போனது. முன்கதவுக்குப் பின்னாலிருந்து இறக்கையை நோக்கிச் சுமார் 5.5 மீட்டர் நீளத்துக்கு மேல்தோல் இல்லை. பயணிகள் இருக்கையில் கட்டுண்டபடி திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் ராபர்ட் ஷோர்ன்ஸ்தைமரும் துணை விமானி மேடலின் டாம்ப்கின்ஸும் சுமார் 13 நிமிடத்தில் மௌயி தீவின் கஹுலுயி நிலையத்தில் விமானத்தை இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் 94 பேர் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் நடைபாதையில் நின்று வேலை செய்துகொண்டிருந்த பணிப்பெண் கிளாராபெல் லான்சிங் வெளியே வீசப்பட்டார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

பொறியியல் வகுப்புகளில் இந்த விபத்தை உலோகச் சோர்வுக்கு, அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் விரிசல் விடுவதற்கு, உதாரணமாகச் சொல்வது வழக்கம். அது தவறில்லை. கடைசியில் கிழிந்தது உலோகம்தான். ஆனால் உலோகம் சோர்ந்ததற்குக் காரணம், அதன் மேல் விழவே கூடாத பாரம் பல ஆண்டுகளாக அதன் மேல் விழுந்ததுதான். அந்தப் பாரத்தைச் சுமந்திருக்க வேண்டியது எபாக்ஸிப் பசை. அது எப்போது, ஏன் கைவிட்டது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விபத்தின் முதல் அத்தியாயம். அதைச் சோர்வுக் கதையின் முன்னுரைபோல ஒரு பத்தியில் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பசையை ஏன் நம்பினார்கள்?

விமானத்தின் உடல் ஒரு நீண்ட குழாய். அதன் அலுமினியத் தோலை ஒரே தகட்டில் செய்ய முடியாது. நீள நீளமான தகடுகளை விளிம்போடு விளிம்பு ஏற்றிவைத்து இணைக்கிறார்கள். இந்த 737இல் மேல்தகடு கீழ்த்தகட்டின் மீது சுமார் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் ஏறி நிற்கும். நடுவில் எபாக்ஸி ஊறிய மெல்லிய நெய்த துணி. அதன் மேல் மூன்று வரிசை ரிவெட், அதாவது தகடுகளைத் துளைத்து இறுக்கும் உலோக ஆணிகள்.

தகட்டின் தடிமன் 0.036 அங்குலம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய தோல் போதும் என்று வடிவமைப்பாளர்கள் துணிந்ததற்குக் காரணமே பசைதான். ரிவெட் ஒரு புள்ளியில் இழுக்கும். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் குவியும். பசையோ பாரத்தைப் பரப்பு முழுவதும் பிரித்து வாங்கிக்கொள்ளும். எடை குறையும், தகட்டின் ஆயுளும் குறையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நியாயமாகவே தெரிகிறது. உள்ளே வெளியே காற்றழுத்த வித்தியாசம் அதிகபட்சம் சுமார் 50 கிலோபாஸ்கல். உடலின் அகலம் 3.76 மீட்டர், ஆரம் 1.88 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் இணைப்பின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் கிட்டத்தட்ட 94 கிலோநியூட்டன் இழுவிசை. ஏறக்குறைய 9.5 டன் எடை ஒரு மீட்டரில் தொங்குவதுபோல. அதை 76 மில்லிமீட்டர் அகலப் பசையில் பரப்பினால் சராசரி வெட்டுத் தகைவு, அதாவது பசையைப் பக்கவாட்டில் இழுக்கும் அழுத்தம், 1.2 மெகாபாஸ்கல்தான் வருகிறது. ஓரங்களில் இது பல மடங்கு கூடும் என்பது உண்மை. ஆனாலும் ஒழுங்காக ஒட்டிய எபாக்ஸி 20 மெகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாங்கும். ஆகவே ஒட்டிய அன்றைக்கு வலிமைக்குக் குறைவே இல்லை.

இங்கேதான் ஒட்டுவேலையில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுகிறோம். ஒட்டிய அன்று இருக்கும் வலிமையும், பத்து ஆண்டு ஈரத்தில் கிடந்த பிறகு மிஞ்சும் வலிமையும் இரண்டு தனித்தனிப் பண்புகள். முதலாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பசை. இரண்டாவதைத் தீர்மானிப்பது உலோகத்தின் மேல்தோல்.

உலர்பனியில் வைத்த துணி

அந்த இணைப்புக்குப் பயன்பட்டது குளிர் ஒட்டு முறை. எபாக்ஸியும் கடினமாக்கியும் ஏற்கெனவே கலந்த துணி அது. அறை வெப்பத்தில் தானாகவே இறுகத் தொடங்கிவிடும் என்பதால், பயன்படுத்தும் வரை குளிரில், உலர்பனியில் வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, தகடுகளுக்கு நடுவே விரித்து, ரிவெட் அடித்து இறுக்கினால் வேலை முடிந்தது. பெரிய அடுப்பு வேண்டாம், அழுத்தக் கலனும் வேண்டாம். செலவும் குறைவு.

ஆனால் இந்த முறையில் மூன்று இடத்தில் தவறு நுழையலாம். மூன்றுமே கண்ணுக்குத் தெரியாதவை.

குளிர்ந்த துணியை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் வியர்க்கும். அந்த நீர்ப்படலத்தோடு ஒட்டினால் பசை தொடுவது உலோகத்தை அல்ல, தண்ணீரை. சரி, ஈரம் போகட்டும் என்று நெடுநேரம் வெளியே வைத்தால் பசை துணியிலேயே பாதி இறுகிவிடும். இறுகத் தொடங்கிய எபாக்ஸியின் பாகுநிலை ஏறிவிடும். உலோகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது இறங்காது. அதாவது பரப்பை நனைக்காது. நனைக்காத பசை எவ்வளவு கெட்டியாக இறுகினாலும் பிரயோஜனமில்லை. மூன்றாவது, தகட்டின் மேற்பரப்பு சரியாகத் தயாராகாமல் போவது. எண்ணெய்ப் பிசுக்கும் தளர்ந்த ஆக்சைடும் அங்கேயே இருந்துவிடும்.

எபாக்ஸியோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். அமீன் வகைக் கடினமாக்கிகள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து மேலே மெழுகு மாதிரி ஒரு கார்பமேட் படலம் உண்டாக்கும். குளிர்ந்த, ஈரமான பரப்பில் இது எளிதாக நடக்கும். அந்தப் படலம் நீரில் கரையும். அதன் மேல் ஒட்டியது எதுவும் நிற்காது. குளிரிலிருந்து எடுத்த எபாக்ஸியை உறை பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும் என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

பசை தொடுவது அலுமினியத்தை அல்ல

இப்போது வேதியியலின் மையத்துக்கு வருவோம். அலுமினியம் காற்றைப் பார்த்த கணத்திலேயே ஆக்சைடு போர்த்திக்கொள்கிறது; சில நானோமீட்டர் தடிமன். அந்த ஆக்சைடின் வெளிமுகம் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள். அவற்றின் மேல் காற்றிலிருந்து ஒட்டிய நீர் மூலக்கூறுகள், அதற்கும் மேலே ஹைட்ரோகார்பன் அழுக்கு. "அலுமினியத்தில் ஒட்டினேன்" என்று சொல்கிறோமே தவிர, பசை ஒருபோதும் அலுமினிய உலோகத்தைத் தொடுவதில்லை. அது தொடுவது இந்த ஆக்சைடை. அழுக்கு நீங்காவிட்டால் அதைக்கூட இல்லை.

சுத்தமான ஆக்சைடின் பரப்பு ஆற்றல் மிக அதிகம். எபாக்ஸியின் பரப்பு ஆற்றல் அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே எபாக்ஸி அதன் மேல் தாராளமாகப் பரவும். எபாக்ஸிச் சங்கிலியில் இருக்கும் ஹைட்ராக்சில், அமீன் தொகுதிகளும் ஆக்சைடின் ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கும். ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானதுதான். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் அவற்றின் எண்ணிக்கை கோடி கோடியாக இருப்பதால் மொத்தத்தில் அசைக்க முடியாத பிடி.

இந்தப் பிடிக்குள் தண்ணீர் நுழையும்போது என்ன ஆகும்? நீர் மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். அது சிறியது, வேகமாக நகரும். எபாக்ஸியைவிட ஆக்சைடுக்கு நெருங்கிய உறவு. பிரிட்டனைச் சேர்ந்த ஆன்டனி கின்லாக் போன்ற ஆய்வாளர்கள் இதற்கு எண்ணே கொடுத்திருக்கிறார்கள். எபாக்ஸியையும் அலுமினிய ஆக்சைடையும் உலர்ந்த நிலையில் பிரிக்க ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 232 மில்லிஜூல் வேலை செய்யவேண்டும். நீர் சூழ்ந்த நிலையில் அதே எண் சுமார் மைனஸ் 137.

அந்த மைனஸ் குறியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கச் சொல்வேன். பிடி பலவீனமாகிவிட்டது என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. நீர் இருக்கும்போது எபாக்ஸியும் ஆக்சைடும் பிரிந்திருப்பதுதான் ஆற்றல்கணக்கில் இயல்பான நிலை என்று பொருள். வெளியிலிருந்து யாரும் இழுக்கவே வேண்டாம். நீர் எல்லைக்கோட்டை அடைந்தால் போதும், பசை தானாக விலகும். வெறும் ஹைட்ரஜன் பிணைப்பை நம்பிய எந்த எபாக்ஸி–அலுமினிய இணைப்பும் ஈரத்தில் கடிகாரத்தோடு போட்டியிடுகிறது. தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான்.

நீர் உள்ளே போக வழிகளுக்கும் பஞ்சமில்லை. எபாக்ஸியே தன் எடையில் சில சதவீதம் நீரை உறிஞ்சும்; உறிஞ்சும்போது மென்மையாகும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸிக்கு இது இன்னும் மோசம். இறுக இறுக அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது அது கண்ணாடிபோல் விறைக்கும் வெப்பநிலை, ஏறிக்கொண்டே போகும். அது சுற்றுப்புற வெப்பத்தைத் தாண்டியதும் மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் உறைந்துவிடும். வினை பாதியில் நின்றுவிடும். இணையாமல் மிஞ்சிய தொகுதிகள் நீரை இன்னும் வரவேற்கும். போதாததற்கு, சரியாக ஒட்டாத இடங்களில் விட்டுப்போன இடுக்குகள் நுண்குழாய்போல நீரை இழுத்துக்கொள்ளும். ஹவாயின் கடற்காற்றில் அந்த நீர் உப்புநீராகவும் இருந்தது.

தலையணைபோல் உப்பிய தகடு

பசை விலகினால் அதோடு முடிந்துவிடாது. ஆக்சைடும் மாறுகிறது. நீரேறிய ஆக்சைடு முதலில் போமைட் என்ற வடிவத்துக்கும் பிறகு அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கும் போகும். இந்தப் புதிய படலம் உலோகத்தின் மேல் உறுதியாக நிற்காது; உதிரும். பசை இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில்கூட, அது ஒட்டியிருப்பது இப்போது உதிரும் பொடியின் மேல்.

இணைப்பின் இடுக்கில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளியே ஆக்சிஜன் நிறைய, உள்ளே இல்லை. இந்த வித்தியாசமே ஒரு மின்கலமாகிறது. குளோரைடு அயனிகள் உள்ளே குவிய, அமிலத்தன்மை ஏற, அலுமினியம் கரையத் தொடங்கும். விமானத் தோலாகப் பயன்படும் 2024 என்ற அலுமினியக் கலவைத் தகட்டின் மேல் தூய அலுமினியம் மெல்லிய பூச்சாக இருக்கும். வெளிப்புறத்தில் அது நல்ல காவலன். தான் அரிபட்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். ஒட்டின் நடுவிலோ அதே குணம் கேடாக முடிகிறது. பசை உட்கார்ந்திருக்கும் தளமே அந்தப் பூச்சுதான். அரிப்பு பூச்சைத் தின்றபடி பசைக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும். காக்க வைத்த பூச்சே பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது.

கரைந்த அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படியும்போது மூலத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு தலையணைபோல் உப்பும். உப்பும்போது மிச்சமிருக்கும் பசையையும் நெம்பிப் பிரிக்கும். ரிவெட் ஓட்டைகளை எந்நேரமும் இழுத்துப் பிடிக்கும்.

இனி பாரம் முழுவதும் ரிவெட்டுகளின் தலையில். காற்றுக்கு இடைஞ்சலில்லாமல் ரிவெட்டின் தலை தோலோடு சமமாக உட்கார வேண்டும் என்று ஓட்டையைப் புனல்போல் குடைந்திருந்தார்கள். 0.036 அங்குலத் தகட்டில் அந்தக் குடைவு தகட்டின் முழு ஆழத்துக்கும் போய், அடியில் கத்திமுனை போன்ற விளிம்பை விட்டது. பசை இருந்தவரை அந்தக் கத்திமுனைக்கு வேலையே இல்லை. பசை போனதும் ஒவ்வொரு முறை விமானம் மேலேறி அழுத்தம் கூடும்போதும் அது கொஞ்சம் கிழிந்தது.

இந்த விமானம் 1969இல் செய்தது. 35,496 மணி நேரம் பறந்திருந்தது. அது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் தீவுக்குத் தீவு தாவும் சின்னச் சின்னப் பயணங்கள். ஏறி இறங்கியது 89,680 முறை. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணம் 24 நிமிடம்கூட இல்லை. உலகில் அன்றிருந்த 737களில் அதிக முறை ஏறி இறங்கியவற்றில் இதற்கு இரண்டாவது இடம். வடிவமைப்பில் எதிர்பார்த்தது 75,000 முறை.

விரிசல் ஓரிடத்தில் தோன்றியிருந்தால் தப்பியிருக்கலாம். தோலின் உட்புறம் 10 அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டைகள் உண்டு. ஓடிவரும் விரிசலைத் திசைதிருப்பி, தோலை ஒரு மடலாகத் திறக்கவிட்டு, அழுத்தத்தைப் பத்திரமாக வெளியேற்றுவது அவற்றின் வேலை. ஆனால் பசை விட்ட வரிசையில் அடுத்தடுத்த ஓட்டைகளில் எல்லாம் சிறு விரிசல்கள் ஒரே நேரத்தில் வளர்ந்திருந்தன. அன்று பிற்பகல் அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. விமானத்தில் ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் ரிவெட் வரிசையை ஒட்டி ஒரு விரிசலைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பிறகு சொன்னார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்தே இருந்த குறை

போயிங்குக்கு இந்த ஒட்டின் குறை விபத்துக்கு 16 ஆண்டுகள் முன்பே தெரியும். 1972இலேயே இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லி, விமான நிறுவனங்களுக்குப் போயிங்கின் சேவை அறிக்கை வந்தது. அதே ஆண்டு, தயாரிப்பு வரிசை எண் 292 முதல் குளிர் ஒட்டு முறையே கைவிடப்பட்டது. புதிய இணைப்பில் கூடுதல் தகடு சேர்த்துக் கத்திமுனையை ஒழித்தார்கள். நடுவில் ஈரம் புகாத அடைப்புப் பூச்சு வைத்தார்கள். விபத்துக்குள்ளான விமானத்தின் வரிசை எண் 152.

முதல் 291 விமானங்கள் தொடர்ந்து பறந்தன. 1987 ஆகஸ்டில் சேவை அறிக்கையை எச்சரிக்கை நிலைக்கு உயர்த்தி, இத்தகைய இணைப்புகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த நவம்பரில் கட்டாயமாக்கியது மேலே இரண்டு பக்கமும் உள்ள, எஸ்-4 என்று குறிக்கப்படும் இணைப்புகளை மட்டும். கிழிசல் தொடங்கியதோ இடப்பக்க எஸ்-10 இணைப்பில்.

1989இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அளித்த அறிக்கை, ஒட்டு விட்டதையும் விரிசலையும் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்பையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. துணைக் காரணங்களில் அரசு நிர்வாகத்தின் குறையான ஆணையும் உண்டு. குளிர் ஒட்டின் பிரச்சினைக்கு முழுமையான தீர்வு எதுவும் செய்யப்படாததும் உண்டு. இரவில், கூரைமேல் கயிற்றில் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஊழியரின் நிலையையும் அந்த அறிக்கை பேசியது. அதைப் படித்த பிறகு பராமரிப்பை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலையில் பசை வைத்த அந்தச் சில நிமிடங்களில் விழுந்த குறையை 19 ஆண்டு கழித்துக் கைவிளக்கால் தேடச் சொல்வது நியாயமான வேலைப் பங்கீடு இல்லை.

ஒட்டு முறையே தவறா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1941இல் இங்கிலாந்தில் நார்மன் டி புருய்ன் உருவாக்கிய ரெடக்ஸ் பசை, ஃபீனாலிக் பிசினும் பாலிவினைல் ஃபார்மலும் சேர்ந்தது, விமானங்களில் பல பத்தாண்டுகள் நின்று காட்டியிருக்கிறது. அது வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கியது. அதைவிட முக்கியம், உலோகத்தை முதலில் குரோமிக் அமிலத்தால் பக்குவப்படுத்தி வைத்தார்கள்.

1970களில் போயிங் கண்டுபிடித்த பாஸ்பாரிக் அமில ஆனோடைசிங் இதே பாதையில் அடுத்த அடி. சுமார் 10 சதவீத அமிலக் கரைசலில், 10 வோல்ட்டில், 20 நிமிடம் அளவுக்குத் தகட்டை நேர்மின்முனையாக வைப்பார்கள். அரை மைக்ரானுக்கும் குறைவான தடிமனில், தேன்கூடுபோல் சில பத்து நானோமீட்டர் அகலத் துளைகளோடு ஓர் ஆக்சைடு வளரும். பிசின் அந்தத் துளைகளுக்குள் இறங்கி இறுகும். நீர் இப்போது ஒரு தட்டையான எல்லைக்கோட்டில் ஓடிப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு துளையாக ஏறி இறங்க வேண்டும். அந்த ஆக்சைடின் மேல்முகத்தில் தங்கும் பாஸ்பேட் நீரேற்றத்தையும் தாமதப்படுத்துகிறது. அதன் மேல் அரிப்புத் தடுப்பானோடு கூடிய பூச்சு. மைனஸ் குறி மறையவில்லை. ஆனால் அது வேலை செய்ய விடாமல் ஆண்டுக்கணக்கில் தடுக்க முடிகிறது.

சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் இன்னொரு வழி. ஒரு முனை ஆக்சைடோடு சிலிக்கன்–ஆக்சிஜன்–அலுமினியம் என்று பிணையும். மறுமுனை எபாக்ஸியோடு வினைபுரியும். அமிலத் தொட்டியில் இறக்க முடியாத பெரிய பாகங்களைப் பழுதுபார்க்கும்போது மணல் வீச்சுக்குப் பிறகு சிலேன் பூசுவது நல்ல பலன் தருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டி முடித்த இணைப்பின் வலிமையை, அதை உடைக்காமல் அளக்க இன்றுவரை எளிதான, பரவலான வழியில்லை. மீயொலியால் இடைவெளியைக் காணலாம். பசையும் உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்து, ஆனால் பிணையாமல் இருந்தால், கருவிக்கு அது நல்ல ஒட்டாகவே தெரியும். ஆகவே முழுக் கவனமும் ஒட்டுவதற்கு முந்தைய நேரத்தில் குவிகிறது. பக்குவப்படுத்திய தகட்டில் நீர் ஊற்றி, படலம் அறுபடாமல் 30 வினாடி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு துளி திரண்டாலும் தகடு மறுபடி தொட்டிக்குப் போகும். ஒவ்வொரு தொகுதியோடும் அதே அலுமினியத்தில் ஒரு சிறு சோதனைத் துண்டை அதே தொட்டியில் இறக்கி, அதே பசையால் ஒட்டி எடுக்கிறார்கள். அப்புறம் அதன் ஓரத்தில் ஓர் ஆப்பை அடித்து, 50 டிகிரி ஈரக்கலத்தில் வைத்து, ஒரு மணி நேரத்தில் விரிசல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளக்கிறார்கள். கடைசியில் துண்டை முழுவதும் பிரித்து, பசை இரண்டு முகத்திலும் இருக்கிறதா, ஒரு முகத்தில் வெறும் உலோகம் மின்னுகிறதா என்று பார்க்கிறார்கள். மின்னினால், பசை உலோகத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள்.